நெடுஞ்சாலையை விட்டு, கடலோரமாக ரத்னகிரிக்கு!
நான்கு நண்பர்களின் சைக்கிள் திட்டம்

மும்பையில் பிழைக்க வந்த நம்மவர்களுக்குச் சைக்கிள் புதிய வாகனம் அல்ல. பொழுது விடியும் முன்பே தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைக் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி புறப்படும் தமிழர்களை இந்த நகரம் முழுவதும் அறியும். அவர்களுக்குச் சைக்கிள்தான் கடை, சைக்கிள்தான் முதலீடு.

பிழைப்புக்காக மிதித்த சைக்கிளை, ஒரு தடவையாவது மனத்துக்காக மிதித்தால் என்ன? இந்தக் கேள்வியில்தான் எங்கள் திட்டம் பிறந்தது.

நாங்கள் நான்கு பேர். ஒருவர் இட்லி வியாபாரி. ஒருவர் பட்டறையில் பிட்டர். ஒருவர் தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுபவர். நான்காவது ஆள், ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்துகொண்டு இந்தப் பத்திரிகைக்கும் செய்தி அனுப்பும் நான். நால்வருக்கும் சொந்த ஊர் நெல்லைச் சீமை. பொங்கல் முடிந்ததும் மும்பையிலிருந்து கொங்கண் கடற்கரை ஓரமாக ரத்னகிரி வரை சைக்கிளில் போவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

எங்களைப் போல நினைத்துக்கொண்டு, "இதெல்லாம் நமக்கு எங்கே?" என்று ஒதுங்கி நிற்கும் வாசகர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு உதவும் என்பதால், திட்டத்தை விவரமாகவே தருகிறேன்.

முன்னோடிகள்

சைக்கிளில் நெடுந்தூரம் போவதற்கு மும்பையே வழிகாட்டி. 1923-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி ஆறு பார்சி இளைஞர்கள் இந்த நகரத்திலிருந்து உலகத்தைச் சுற்றிவரச் சைக்கிளில் கிளம்பினார்கள். அவர்களில் அதி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ரஸ்தம் பும்காரா ஆகிய மூவர் 1928-ம் ஆண்டு மார்ச் மாதம் சுற்றி முடித்துத் திரும்பினார்கள். அவர்கள் கடந்த தூரம் ஏறக்குறைய 71 ஆயிரம் கிலோ மீட்டர். கியரும் இல்லை, கைபேசியும் இல்லை. பாலைவனத்திலும் காட்டிலும் மண்ணைத்தான் மிதித்தார்கள்.

அவர்கள் போனதோடு பார்த்தால் நாங்கள் போவது ஒரு சின்னத் துண்டு. ஏறக்குறைய 325 கிலோ மீட்டர்தான்.

ஏன் இந்த வழி?

கோவா நெடுஞ்சாலையில் போனால் வழி தேட வேண்டாம். ஆனால் லாரிகளும் பஸ்களும் ஓடுகிற பாதையில் சைக்கிள்காரன் ஓரத்துத் தூசுக்குச் சமம். அந்தச் சாலையை அகலப்படுத்தும் வேலை 2011-ம் ஆண்டு தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுத்தது என்பதை ஊருக்குப் பஸ்சில் போய் வந்த எல்லோரும் அறிவார்கள்.

கடலோர வழி அப்படி அல்ல. கிராமத்துச் சாலை, தோப்புக்கு இடையே மண்பாதை, செம்பாறை மேடு, ஈர மணல் என்று மாறி மாறி வரும். குறுக்கே ஆறுகள் கடலில் விழும் கழிமுகங்கள் உண்டு. மராத்தியர்கள் இதைக் "காடி" என்கிறார்கள். மும்பைத் துறைமுகத்தையும் சேர்த்து ஐந்து இடங்களில் சைக்கிளோடு படகில் ஏறி அக்கரை போக வேண்டும். ரேவஸ் முதல் ரெட்டி வரை கடலோர நெடுஞ்சாலை போட்டு இந்தக் கழிமுகங்களுக்குப் பாலம் கட்டும் திட்டம் இருக்கிறது. பாலங்கள் எல்லாம் வந்துவிட்டால் படகுகள் நின்றுபோகலாம். அதற்கு முன் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஆறு நாள் கணக்கு

முதல் நாள்: மும்பை பாவுச்சா தக்காவிலிருந்து வாகனங்களை ஏற்றிச் செல்லும் படகில் மாண்ட்வா. கடலில் சுமார் ஒரு மணி நேரம். பிறகு அலிபாக், ரேவ்தண்டா, காஷித் வழியாக முருட். மிதிக்கும் தூரம் சுமார் 70 கிலோ மீட்டர்.

இரண்டாம் நாள்: கடல் நடுவே நிற்கும் ஜஞ்சிரா கோட்டையைப் பார்த்துக்கொண்டே அகர்தண்டா போய், படகில் திகி. அங்கிருந்து திவேஆகர், பேஷ்வா பாலாஜி விஸ்வநாத் பிறந்த ஸ்ரீவர்தன், ஹரிஹரேஸ்வர். சுமார் 60.

மூன்றாம் நாள்: பாக்மண்ட்லா துறையில் சாவித்திரி ஆற்றைத் தாண்டினால் ரத்னகிரி மாவட்டம். வேஷ்வி, கேள்ஷி, ஆஞ்சர்லே, ஹர்ணை. சுமார் 55.

நான்காம் நாள்: கடலை ஒட்டியே தாபோள். படகில் தோபாவே. மாலையில் குஹாகர். சுமார் 60.

ஐந்தாம் நாள்: ஹேத்வி வழியாகத் தவ்சாள். படகில் ஜய்கட். இரவு கணபதிபுலே. சுமார் 55.

ஆறாம் நாள்: ரத்னகிரி. 25 கிலோ மீட்டர்தான். பர்மாவின் கடைசி மன்னர் தீபா சிறை வாழ்க்கை வாழ்ந்து 1916-ல் இறந்த ஊர் அது. அவரை ஆங்கிலேயர் முதலில் கொண்டுவந்து வைத்தது நம் சென்னையில்தான். அவருடைய மாளிகையைப் பார்த்துவிட்டு, இரவு ரெயிலில் ஏறினால் மறுநாள் காலை மும்பை.

தூரத்தைப் பார்த்து ஏமாந்துவிடக்கூடாது. ஒவ்வொரு கழிமுகத்துக்கும் கடல் மட்டம் வரை இறங்கி, அக்கரையில் மறுபடியும் மேட்டில் ஏற வேண்டும். சமதரையில் 100 கிலோ மீட்டர் போகிறவருக்கு இங்கே 60 போதும் என்று ஆகிவிடும்.

எந்தச் சைக்கிள்?

"அண்ணாச்சி, இருபது வருஷமா இந்த வண்டியிலதான் இட்லி கொண்டு போறேன். இது ஏறாத மேடா?" என்று வியாபாரி நண்பர் கேட்டார். அவருக்குப் பிட்டர் நண்பர் தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சாதாரணப் பெரிய சைக்கிளில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் நகரும். சமதரையில் அது லாபம். மேட்டில் அதுவே பாரம். கியர் சைக்கிளில் முன்னால் 24, பின்னால் 32 என்று மாற்றிக்கொண்டால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மீட்டர்தான் நகரும். மெதுவாகப் போகும்; ஆனால் முழங்கால் தப்பும்.

ஆகவே பழைய கியர் சைக்கிள் நான்கை வாங்கிப் பிட்டர் நண்பரே பிரித்து மாட்டுகிறார். நான்குக்கும் ஒரே அளவு சக்கரம் என்பது அவருடைய உத்தரவு. அப்போதுதான் ஒருவருடைய டியூபும் டயரும் இன்னொருவருக்கு உதவும். கூடவே பம்ப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஸ்பேனர், பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின் துண்டு, எண்ணெய். மண்ணிலும் மணலிலும் போகும்போது டயரில் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். தார்ச் சாலை வந்ததும் ஏற்ற வேண்டும். கடல் நீர் பட்டால் அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். இல்லாவிட்டால் உப்பு அரித்துவிடும்.

ஒருவருக்கு எட்டுக் கிலோவுக்கு மேல் சுமை கிடையாது. அதையும் பின்சக்கரத்தின் இரு பக்கமும் தாழ்வாகத் தொங்கவிட வேண்டும். முதுகில் மூட்டை கூடாது.

கடலின் கடிகாரம்

மணலில் சைக்கிள் விடுவது கடல் வற்றும் நேரத்தில்தான் முடியும். ஈர மணல் கெட்டியாக இருக்கும்; காய்ந்த மணலில் சக்கரம் புதையும். கடல் நாளொன்றுக்கு இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவை வற்றுகிறது. இன்றைய நேரத்தைவிட நாளைய நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். எனவே புறப்படும் தேதியைப் பார்க்கும்போது விடுமுறைப் பட்டியலோடு பஞ்சாங்கத்தையும் பார்க்கிறோம்.

உள்ளூர் மீனவரிடம் கேட்பதே நிச்சயம். ஏற்றத்துக்கு "பர்தி", வற்றத்துக்கு "ஓஹோட்டி" என்ற இரண்டு மராத்திச் சொற்கள் தெரிந்தால் போதும். கைபேசி வரைபடம் குறுக்கு வழியைக் காட்டும். அந்த வழியில் தண்ணீர் ஏறுமா என்று சொல்லாது. இந்திய நில அளவைத் துறையின் 50 ஆயிரத்தில் ஒன்று அளவுள்ள வரைபடங்களைத் தாளில் எடுத்து வைத்திருக்கிறோம். அதில் மேடு பள்ளங்களைக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள்.

பணமும் உடம்பும்

பத்து மாதமாக ஆளுக்கு மாதம் 600 ரூபாய் சீட்டுப் போல் சேர்க்கிறோம். தலைக்கு 6 ஆயிரம். மொத்தம் 24 ஆயிரம். இதில் ஐந்து இரவு தங்க 7,500, சாப்பாட்டுக்கு 6 ஆயிரம், படகு, ரெயில், சைக்கிள் கட்டணத்துக்கு 4 ஆயிரம், உதிரிச் சாமானுக்கு 2,500. மீதி 4 ஆயிரம் ஆபத்துக்கு. அதைத் தொடுவதென்றால் நால்வரும் சம்மதிக்க வேண்டும். சைக்கிள் வாங்கிய செலவு அவரவர் பாடு.

கணக்கர் நண்பருக்குச் சர்க்கரை வியாதி உண்டு. டாக்டர் பார்த்து, மருந்து வேளையும் சாப்பாட்டு வேளையும் தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார். அவருடைய மனைவி அதோடு விடவில்லை. "தம்பி, அவுக பசிச்சாலும் வாயத் திறக்க மாட்டாக. நீங்கதான் பாத்துக்கிடணும்" என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம் என்பது நால்வருக்கும் பொது விதி. வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய அளவில் கலந்து குடிப்பது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய முறை.

ஞாயிறுதோறும் தானாவை அடுத்த யேவூர் மேட்டில் பழகி வருகிறோம். முதலில் வெறும் வண்டி, இப்போது சுமையோடு. இருட்டிய பிறகு மிதிப்பதில்லை என்பது மற்றொரு விதி.

ரெயிலில் சைக்கிள்

இது என் இலாகா என்பதால் அழுத்திச் சொல்கிறேன். பெட்டிக்குள் சைக்கிளைத் திணிக்க முயலாதீர்கள். ரெயில் வருவதற்கு வெகு நேரம் முன்பே பார்சல் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். பெயர், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் மூன்றையும் அட்டையில் எழுதி வண்டியில் இறுகக் கட்டுங்கள். பிரேக் வேனில் ஏற்றுவார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். இரண்டே நிமிடம் ரெயில் நிற்கும் சிறிய நிலையங்களில் ஏற்றுவது நடக்காது. நாங்கள் ரத்னகிரி போன்ற பெரிய நிலையத்தை முடிவிடமாக வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கோவா ஏன் இல்லை?

ஆனால் முக்கியக் காரணம் வேறு. முதலில் கோவா வரை போவதாகத்தான் பேச்சு. அதற்குப் பத்து நாள் வேண்டும். பிட்டரும் கணக்கரும் நானும் லீவு எழுதிக் கொடுத்தால் போதும். இட்லி வியாபாரிக்கு லீவு கிடையாது. லீவுச் சம்பளமும் கிடையாது.

அவர் கணக்கை மறைக்காமல் சொன்னார்: "ஏழு நாள்னா என் மச்சினன் லைனைப் பாத்துக்கிடுவான். அதுக்கு மேல போனா வாடிக்கை கலைஞ்சிரும். இருபது வருஷமா பிடிச்ச தெரு அது. நான் ரத்னகிரியிலேருந்து ரெயில் ஏறிக்கிடுதேன், நீங்க மூணு பேரும் கோவா போங்க."

அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிட்டர் நண்பர் வரைபடத்தை விரித்து, ரத்னகிரிக்குத் தெற்கே இருந்த பாகத்தை மடித்து உள்ளே தள்ளினார். "இது அடுத்த வருஷத்துக்கு" என்றார். விஷயம் அதோடு முடிந்தது.

சேர்ந்து போகத் திட்டமிடும் எல்லோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். எவ்வளவு தூரம் என்பதை, அதிக லீவு உள்ளவரைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். யாருக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வருமானம் போகுமோ, அவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். வேகத்தை, மேட்டில் கடைசியாக ஏறி வருபவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். புறப்பட்ட நால்வரும் ஒரே ரெயிலில் திரும்பினால்தான் அது நண்பர்கள் போன பயணம்.

விஜயதுர்க், மால்வண், தெரேகோல் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்கான சீட்டின் முதல் தவணையை, ரத்னகிரியிலிருந்து திரும்பிய மாதமே கட்டுவதென்று பேசி வைத்திருக்கிறோம்.