37 வயது மூத்த கஞ்சிரா, பையன் மிருதங்கம்!
மேடையைக் கலக்கிய புதுக்கோட்டை – பாலக்காடு ஜோடி

புதுக்கோட்டை,

கச்சேரி மேடையில் இரண்டு தாள வாத்தியக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? 'நீயா, நானா' என்று மோதல் வரலாம். மனசு ஒத்துப்போனால் இரண்டு கைகளிலும் ஒரே லயம் பேசும்!

அப்படி மனசு ஒத்த ஜோடிதான் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையும், பாலக்காடு மணி அய்யரும். பிள்ளை பிறந்தது 1875ல். மணி அய்யர் பிறந்தது 1912ல். அப்பா, மகன் வயது!

கைக்கு அடக்கமான வாத்தியம்

கஞ்சிரா என்றாலே புதுக்கோட்டைதான். பலா மரத்தில் ஒரு சின்ன வளையம், ஒரு பக்கம் உடும்புத் தோல், ஓரத்தில் கிணுகிணுக்க சலங்கை வில்லை. அவ்வளவுதான் வாத்தியம்! தண்ணீர் தெளித்துத் தோலைத் தளர்த்தி, ஒரு கையால் வாசிக்க வேண்டும்.

இதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றியவர் இதே ஊர் மான்பூண்டியா பிள்ளை. தஞ்சாவூர் மிருதங்க மேதை நாராயணசாமி அப்பா கேட்டு மெச்சிய பிறகே கஞ்சிராவுக்கு மேடைக் கதவு திறந்தது என்று சங்கீத உலகில் சொல்வார்கள். அந்த மான்பூண்டியா பிள்ளையின் சீடர்தான் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் புலி!

யாருக்கு முதல் இடம்?

மேடை வழக்கப்படி முதல் மரியாதை மிருதங்கத்துக்கு. கஞ்சிரா அதற்கு அடுத்துதான். செம்பை வைத்தியநாத பாகவதர் கச்சேரிகளில் மிருதங்கத்துடன் உட்கார்ந்தது மீசை கூட அரும்பாத மணி. கஞ்சிராவுடன் உட்கார்ந்தது ஊரே கையெடுத்துக் கும்பிட்ட பிள்ளை!

தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர் பதில் சொல்ல வேண்டும். போகப் போக அளவைக் குறைத்து, கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை வைத்து முடிக்க வேண்டும். பெரியவர் நினைத்தால் சின்னவரைத் திணறடிக்கலாம். பிள்ளை அப்படிச் செய்யவில்லை. தட்டிக் கொடுத்தார். தஞ்சாவூர்ப் பாணியும் புதுக்கோட்டைப் பாணியும் ஒரே மேடையில் கைகுலுக்கின!

கடன் தீர்ந்தது

1936ல் பிள்ளை காலமானார். மணி அய்யரோ வளர்ந்து, 1966ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றார். மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை!

அதோடு முடியவில்லை கதை. பிற்காலத்தில் கஞ்சிராவில் கொடிகட்டிப் பறந்த ஜி.ஹரிசங்கருக்குப் பாடம் சொன்னவர்களில் மணி அய்யரும் ஒருவர். ஹரிசங்கரிடம் கற்றவர் வி.செல்வகணேஷ். ஜாஸ் கிதார் மன்னர் ஜான் மெக்லாஃப்லினின் 'சக்தி' குழுவில் அவர் கஞ்சிரா வாசித்தார். அந்தக் குழுவுக்கு 2024ல் கிராமி விருது கிடைத்தது.

புதுக்கோட்டைக் கஞ்சிரா அன்று ஒரு மிருதங்கப் பையனுக்கு இடம் கொடுத்தது. அந்த மிருதங்கம் கஞ்சிராவுக்கே வாரிசு கொடுத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டது!