வேளையும் மேய்ச்சலும்: பாண்டிய நாட்டுக் குதிரைத் தீவனக் குறிப்புகள் ஒரு மறுநோக்கு

பாண்டிய நாட்டில் இறக்குமதிக் குதிரைகள் பெருமளவில் மடிந்தன என்பது 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவின் கூற்று. மன்னன் ஆண்டுதோறும் 2000 குதிரைகளை வாங்குவான், ஆண்டு முடிவில் 100கூட எஞ்சா என்பது அவர் தரும் கணக்கு. சோறுடன் வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்கு ஊட்டுவதையும், குதிரை மருத்துவர் இந்நாட்டிற்கு வராதபடி வணிகர் தடுத்ததையும் அவர் குறிக்கிறார். இக்குறிப்புகளைக் கொண்டு தமிழர்க்குக் குதிரை வளர்ப்பு தெரியாது என்று முடிவு கட்டும் போக்கு வரலாற்றெழுத்தில் உண்டு. குதிரைக்கு நாளொன்றுக்கு எத்தனை முறை தீவனம் இடுவது என்னும் எளிய வினாவின் வழி அம்முடிவை இக்கட்டுரை ஆராய்கிறது.

தமிழில் மாந்தர் உணவு 'வேளை'யால் எண்ணப்படும். விலங்கின் உணவுக்கோ 'மேய்தல்' என்னும் வினை உண்டு. பொழுது வரையறை அற்ற, நகர்ந்துகொண்டே உண்ணும் செயலை அச்சொல் சுட்டுகிறது. குதிரையின் உடலமைப்பும் அதற்கே உரியது. அதன் உடற்பருமனுக்கு இரைப்பை மிகச் சிறியது. கொள்ளளவு ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர். அதில் அமிலம் இடைவிடாது சுரக்கும். அதனைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே சுரக்கும். பித்தப்பை இல்லாமையால் பித்தநீரும் தொடர்ந்து வடியும். திறந்த வெளியில் குதிரை நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலிலேயே கழிக்கிறது.

எனவே இலாயத்தில் கட்டப்பட்ட குதிரைக்கு வேளை வகுக்கும் பொறுப்பு மனிதனைச் சேர்கிறது. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 7.5 முதல் 10 கிலோ வரை உலர் நிறையுள்ள புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் வேண்டும். அது நாள் முழுதும் பரவலாகக் கிடைத்தல் நன்று. தானியத்தின் நிலை வேறு. ஒரே வேளையில் ஏறத்தாழ 2 கிலோவைத் தாண்டினால் சிறுகுடலில் செரியாத மாச்சத்து பெருங்குடலை அடைந்து நொதிக்கும். வயிற்றுவலியும் குளம்புத்தசை அழற்சியும் அதன் விளைவுகள். குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. ஆகவே தானியம் மிகுந்தால் அளவைக் குறைத்து இரண்டு, மூன்று, நான்கு வேளைகளாகப் பகிர்வதே முறை.

இவ்வடிப்படையில் பழங்குறிப்புகளை நோக்கலாம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், ஆண்டுக்கு 1400 குதிரைகளைக் கீசு தீவிலிருந்து தலைக்கு 220 பொன் தினார் விலையில் அனுப்பும் ஒப்பந்தத்தைக் குறிக்கிறார். பச்சை வாற்கோதுமைக்கு மாற்றாக வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் தரப்படுவது அவருக்கு வியப்பாகிறது. வியப்பு மிகை எனலாம். வாற்கோதுமையின் மாச்சத்து பதப்படுத்தினால் சிறுகுடலிலேயே கூடுதலாகச் செரிக்கும். பித்தநீர் ஓயாது வடிவதால் சிறிது சிறிதாகப் பழக்கிய கொழுப்பையும் குதிரை ஏற்கும். வளர்ந்த குதிரைக்குப் பால் செரிப்பது கடினம் என்பது மட்டுமே இதில் மெய்யான குறை.

இறைச்சியும் பாண்டியர் கண்டுபிடிப்பு அன்று. அர்த்தசாத்திரத்தின் குதிரைக் கண்காணிப்பாளர் அதிகாரம் தலைசிறந்த குதிரைக்கு இரண்டு துரோண அளவு தானியத்துடன் எண்ணெய், உப்பு, 50 பலம் இறைச்சி, தயிர், மது ஆகியவற்றை விதிக்கிறது. ஆகவே போலோ கண்டதை அறியாமை என்பதைவிட, நூல்வழி வந்த அரச இலாய மரபின் தொடர்ச்சி என்பதே பொருந்தும். ஊர்க்குதிரையை வளர்த்த எளியோர் இத்தகைய ஆடம்பரத்தை நாடவில்லை. கொள்ளே அவர்களின் தீனி. கொள்ளைக் கண்டால் வாய் திறந்து கடிவாளத்தைக் கண்டால் வாய் மூடும் குதிரை பழமொழியிலும் இடம்பெற்றுவிட்டது. பயறு வகையாதலின் கொள்ளில் வாற்கோதுமையைவிட மாச்சத்து குறைவு, புரதம் மிகுதி.

அவ்வாறெனின் இறப்புக்குக் காரணம் யாது? வஸ்ஸாப் போகிறபோக்கில் சொல்லும் மற்றொரு செய்தி கூர்ந்து நோக்கத்தக்கது. வந்திறங்கிய குதிரைகளைக் கொழுக்கும்பொருட்டு 40 நாள் முளையிலும் கயிற்றிலும் கட்டிவைத்துப் பின்னர்ப் பயிற்சியின்றி வீரர் ஏறி ஓட்டினர் என்கிறார் அவர். நெடிய கடற்பயணத்தால் மெலிந்த உடலுக்குத் திடீரெனச் செறிவுத் தீவனம், நடையில்லாத கட்டு, பின்னர்த் திடீர் ஓட்டம் என்னும் இவ்வரிசையைக் கால்நடை மருத்துவம் நன்கறியும். நிறைய உண்டு ஓய்ந்திருந்த குதிரையைக் கடுமையாக ஓட்டினால் தசைகள் இறுகிச் சிதையும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், குதிரை வீழும். வாரவிடுமுறைக்குப் பின் வண்டிக்குதிரைகளை இது தாக்கியமையால் ஐரோப்பாவில் 'திங்கட்கிழமை நோய்' எனப்பட்டது. வெப்பமும் தொற்றுநோயும் காரணங்களில் அடங்கலாம். எனினும் பழிக்கப்பட்ட சோற்றையும் இறைச்சியையும்விட, எவரும் பொருட்படுத்தாத அந்த 40 நாள் கட்டே கூடுதலான உயிர்களைக் குடித்திருத்தல் கூடும்.

இழந்த குதிரைகளின் இடத்தை நிரப்பப் புதிய குதிரைகள் ஆண்டுதோறும் வந்தன. மருத்துவரைத் தடுத்த வணிகரின் கணக்கும் அதுவே.