சொல்லிலும் உண்டு ஆண், பெண் பேதம்

ஆங்கில இலக்கண வகுப்பில் ஆண்பால், பெண்பால் சொற்களை இணை இணையாக மனப்பாடம் செய்கிறோம். ‘கிங்’ என்றால் அரசன், ‘குவீன்’ என்றால் அரசி. பால் மாறினாலும் மதிப்பு மாறவில்லை. ஆனால் எல்லா இணைகளும் இப்படிப்பட்டவைதாமா?

‘கவர்னர்’ என்பவர் மாநில ஆளுநர். அதன் பெண்பாலாகிய ‘கவர்னஸ்’, முன்னாளில் ஆளும் பெண்ணையும் குறித்தது. பிறகோ, செல்வர் வீட்டில் தங்கிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியைக்கே உரியதாயிற்று! எனவே 1947-இல் ஐக்கிய மாகாணத்தின் ஆளுநராகி, இந்தியாவின் முதல் பெண் ஆளுநர் என்ற பெருமை பெற்ற சரோஜினி நாயுடுவும் ‘கவர்னர்’ என்றே அழைக்கப்பட்டார்.

‘மாஸ்டர்’, ‘மிஸ்ட்ரஸ்’ என்பவை வீட்டின் தலைவனையும் தலைவியையும் குறித்த சொற்கள். இன்று ‘மாஸ்டர்’ என்றால் ஒரு கலையில் கைதேர்ந்தவர் என்றும் பொருள். ‘மிஸ்ட்ரஸ்’ என்பதோ தனித்து நின்றால், தகாத உறவில் வாழ்பவள் என்ற இழிபொருளைப் பெற்றுவிட்டது. பழைய மரியாதையை நம் ‘ஹெட்மிஸ்ட்ரஸ்’ என்ற சொல் காப்பாற்றி வருகிறது!

‘ஸ்பின்ஸ்டர்’ என்றால் முதலில் நூல் நூற்பவள். உழைத்துப் பிழைத்தவளின் பெயர், பின்னர் மணமாகாதவளைக் குறித்து, முடிவில் முதிர்கன்னி என்ற ஏளனமாயிற்று. மணமாகாத ஆணாகிய ‘பேச்சிலரு’க்கு அந்த ஏளனம் இல்லை. பெண்கள் பெறும் பட்டமும் ‘பேச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்’தான்! இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் 2005-ஆம் ஆண்டு இவ்விரு சொற்களும் நீக்கப்பட்டு, இருவருக்கும் பொதுவாக ‘சிங்கிள்’ என்ற சொல் வந்தது.

சொற்கள் தாமாகத் தாழ்ந்துவிடவில்லை. சமுதாயம் பெண்ணை எந்தக் கண்ணால் பார்த்ததோ, அதே கண்ணால் அவள் பெயரையும் பார்த்தது. துறவு மடத்தின் தலைவர் ‘ஆபட்’, தலைவி ‘ஆபெஸ்’. இந்த இணையில் ஏற்றத்தாழ்வு இல்லை. ஏனெனில் அத்தலைவி தன் மடத்தை உண்மையாகவே நிர்வகித்தாள்.

‘டாக்டர்’ என்ற சொல் இருபாலாருக்கும் பொது. கற்பிப்பவர் என்பது அதன் மூலப்பொருள். திருச்சபையின் ‘டாக்டர்’, அதாவது மறைவல்லுநர் என்ற பட்டத்தைப் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1970-இல் முதன்முறையாகப் பெண்களுக்கு வழங்கினார். அவிலா நகர்ப் புனித தெரேசாவும் சியன்னா நகர்ப் புனித கத்தரீனும், புனித அகுஸ்தீனாருக்குரிய அதே பட்டத்தைப் பெற்றனர்.

தோழியரே, சொற்களை மனப்பாடம் செய்வதோடு நில்லாமல், அவற்றின் மதிப்பையும் எடைபோட்டுப் பார்ப்போம். நாளை நாம் ஏற்கும் பணியைச் செம்மையாகச் செய்தால், நம்மைக் குறிக்கும் சொற்களும் நம்மோடு உயரும்.