பனையோலை மடிப்பில் ஒரு படிப்பு மேசை

மும்பை வொர்லியில் 2025 ஆகஸ்ட் 14 அன்று 556 குடும்பங்களுக்குப் புது வீட்டுச் சாவி கொடுத்தார்கள். 1920களில் கட்டப்பட்ட பி.டி.டி. சால்கள் என்ற ஒற்றை அறைக் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் அவர்கள். பழைய இடத்தில் குடும்பத்துக்கு ஒரே அறை, 160 சதுர அடி. புது வீடு 500 சதுர அடி. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இத்தனை காலமும் அந்த 160 சதுர அடியில் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள்? பதிலில் ஒரு பாதி வொர்லித் தெருவிலேயே இருக்கிறது. சுதாம் காலு அஹிரே மார்க் என்ற சாலைக்கு ஊர்மக்கள் வைத்த பெயர் ‘அப்யாஸ் கல்லி’, அதாவது படிப்புச் சந்து. வீட்டில் இடமில்லாத மாணவர்கள் இரவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அங்கே வந்து படிப்பார்கள்.

தெருவுக்கு வர முடியாத சின்னப் பிள்ளைகள் தரையில் குப்புறப் படுத்தோ, மடியில் நோட்டை வைத்துக்கொண்டோ எழுதுகிறார்கள். ஒற்றை அறை வீட்டில் ஒரே தரைதான் காலையில் சமையற்கட்டு, பகலில் வேலை செய்யும் இடம், இரவில் படுக்கை. அங்கே 6 சதுர அடி மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டால், நாள் முழுக்க வீட்டில் 4 சதவீதத்தை அது பிடித்துக்கொள்ளும். ஆகவே படிப்பு முடிந்ததும் மேசை இல்லாமல் போக வேண்டும். முதல் நிபந்தனை இதுதான்.

சுவரில் கீல் வைத்து மடக்கும் மேசைகளைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். படத்தில் அழகாக இருக்கும். வாடகை வீட்டுச் சுவரில் துளை போட வீட்டுக்காரர் விடவேண்டும். பரணும் அலமாரியும் துணிக்கொடியும் போக வெற்றுச் சுவர் மிஞ்ச வேண்டும். இதைவிடப் பெரிய குறை வெளிச்சம். அறைக்கு ஒரே டியூப் லைட். அது எதிர்ச் சுவரில் இருந்தால் பிள்ளையின் நிழல் நோட்டின் மேலேயே விழும். கையில் எடுத்து வைக்கும் மேசையை வெளிச்சம் பார்த்துத் திருப்பிக்கொள்ளலாம். நினைவாற்றல் கூடும், உயரம் கூடும் என்று சொல்லி விற்கும் விலையுயர்ந்த படிப்பு மேசைகளின் வாக்குறுதிகளை நான் நம்புவதில்லை. ஒரு மேசை உருப்படியாகச் செய்யக்கூடியது, எழுதும் பரப்பைக் கண்ணுக்கு அருகே உயர்த்துவதும் சற்றுச் சாய்ப்பதும்தான்.

அந்தச் சாய்வுக்கு மதிப்பு உண்டு. பெரியவர் ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்தை 60 பாகை வளைத்தால் முதுகெலும்பின் மேல் 27 கிலோ அளவுக்குச் சுமை விழும் என்று 2014இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். செல்போன் பற்றிய எச்சரிக்கைகளில் எல்லாம் இந்த எண் அடிபடுகிறது. அது மாதிரியுரு ஒன்றை வைத்துப் போட்ட கணக்கு. உயிருள்ள கழுத்தில் அளந்ததல்ல. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். குனியக் குனியக் கழுத்துத் தசை கூடுதலாக இழுக்க வேண்டும் என்பது மட்டும் உறுதி. சம்மணமிட்டு மணிக்கணக்கில் எழுதிய நம் கணக்குப்பிள்ளைகளும் மும்பைக் கடைவீதி முனீம்களும் சாய்ந்த மூடி போட்ட குட்டைப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டது இதனால்தான்.

அந்த மரப்பெட்டியின் வேலையை மும்பையின் ‘ஆரம்ப்’ தொண்டு நிறுவனம் 2014இல் பழைய அட்டைப்பெட்டியிடம் ஒப்படைத்தது. அச்சுத்தாள் வைத்துக் கோடிட்டு, வெட்டி, மடித்தால் சாய்வு மேசை. விரித்து வேறு மாதிரி மடித்தால் பள்ளிப் பை. ஒன்றுக்கு 10 ரூபாய்கூட ஆகவில்லை என்றார்கள். வடிவமைப்பு விருதுகளுக்காகச் செய்து, படம் எடுத்ததோடு மறக்கப்படும் பொருள்கள் ஏராளம் என்பதால் இதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன். என்னை இழுத்துக்கொண்டது அந்த அட்டை. காகிதம் எப்படி ஒரு பிள்ளையின் முழங்கைகளையும் நாலைந்து புத்தகங்களையும் தாங்குகிறது?

பனையோலை விசிறியை எடுத்துப் பாருங்கள். காம்பைப் பிடித்தால் ஓலை தொங்காமல் நிமிர்ந்து நிற்கிறது. அதே ஓலையின் மடிப்புகளை நீவிச் சமமாக்கினால் துவண்டுவிடும். ஓலையின் கனம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மடிப்பு ஓலையின் ஒரு பகுதியை மேட்டிலும் இன்னொரு பகுதியைப் பள்ளத்திலும் கொண்டுபோய் வைக்கிறது. வளைக்க முயலும்போது மேடு நீள வேண்டும், பள்ளம் சுருங்க வேண்டும், இரண்டும் எதிர்க்கின்றன. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடைவெளி கூடினால் எதிர்ப்பு அந்த இடைவெளியின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். விசிறியின் விளிம்பைச் சுற்றி நாரோ துணியோ வைத்துத் தைத்திருப்பார்களே, அதற்கும் வேலை உண்டு. மடிப்புகள் அகன்று பரவாமல் அது பிடித்துக்கொள்கிறது. அட்டையில் அந்தத் தையலின் வேலையை மேலும் கீழும் ஒட்டிய இரண்டு தட்டைத் தாள்கள் செய்கின்றன. நடுவிலுள்ள நெளிதாள்தான் ஓலை. விசிறியை மடிப்போடு சேர்த்துச் சுருட்டுவது எளிது, மடிப்புக்குக் குறுக்கே முறிப்பது கடினம். அட்டையும் அப்படியே: நெளிவு ஓடும் திசையில் விறைப்பு, எதிர்த் திசையில் நெகிழ்வு. ஓலை நனைந்தால் விசிறி தளர்வதுபோல அட்டையும் தளரும். அந்தக் கவலைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஒரு கணக்குப் போடலாம். கால் மில்லிமீட்டர் தாள் மூன்று எடுத்து, நடுத்தாளை நெளித்து, மொத்தம் 4 மில்லிமீட்டர் கனத்துக்கு அட்டை செய்கிறோம். நெளிப்பதால் நடுத்தாள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். அவ்வளவு காகிதத்தையும் நெளிக்காமல் தட்டையாக ஒட்டியிருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கனம்தான் வந்திருக்கும். வளையாமல் நிற்கும் திறனில் நெளி அட்டை அதைப் போல 30 மடங்குக்கு மேல். செலவான பொருள் ஒன்றே. நடுவில் அடைத்த காற்றுக்குக் காசு இல்லை.

கால்களாக நிற்கும் பக்கங்களில் சுமை மேலிருந்து இறங்குகிறது. அங்கே நெளிவு செங்குத்தாக இருந்தால் ஒவ்வொரு நெளிவும் ஒரு சின்னத் தூண். சாதாரண ஏற்றுமதிப் பெட்டி அட்டையின் விளிம்பு சென்டிமீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல் தாங்கும். 30 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு பக்கங்கள் என்றால் கணக்குப்படி 300 கிலோ. உயரமான அட்டை நசுங்குவதற்கு முன்பே பக்கவாட்டில் பிதுங்கிவிடும் என்பதால் நிஜத்தில் அவ்வளவு வராது. பத்தில் ஒரு பங்கு வந்தாலே பள்ளிப் பிள்ளைக்குப் போதும். வெட்டும்போது திசையை மாற்றிக் கிடைவாட்டில் வைத்துவிட்டால் அந்தத் தூண்கள் படுத்துவிடும், மேசையும் சீக்கிரம் உட்கார்ந்துவிடும். செய்து பார்க்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

மேசைக்கும் நெளிதாளுக்கும் வரலாறு வேண்டுமென்றால் சுருக்கமாக: 1867இல் கண் மருத்துவர் ஹெர்மன் கோன், பிரெஸ்லாவ் நகரத்தில் 10,060 மாணவர்களின் கண்ணைச் சோதித்து, வகுப்பு ஏற ஏறக் கிட்டப்பார்வை கூடுவதைக் கண்டார். பழியை மட்டமான மேசைகள் மீதும் வெளிச்சக் குறைவு மீதும் போட்டார். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடாததுதான் பெரிய காரணம் என்று இன்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நெளிதாள் 1856இல் இங்கிலாந்தில் உயரத் தொப்பிகளின் உள் பட்டைக்காகக் காப்புரிமை பெற்றது. 1871இல் அமெரிக்காவின் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் புட்டிகளைச் சுற்றப் பயன்படுத்தினார்.

இனி ஈரம். காகித நார்கள் காற்றிலிருந்தே தண்ணீரை உறிஞ்சும். ஈரப்பதம் 50 சதவீதத்திலிருந்து 90க்குப் போனால் அட்டைப்பெட்டியின் தாங்குதிறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். மும்பையின் மழைக்காலக் காற்று சர்வ சாதாரணமாக அந்த எல்லையைத் தொடும். ஒற்றை அறை வீட்டில் சமையல் ஆவியும் ஈரத்துணியும் வேறு. தரையைத் துடைக்கும் தண்ணீர் நேராக நெளிவுக்குள் ஏறும். காலின் அடிவிளிம்பில் பிளாஸ்டிக் நாடா ஒட்டுவது கொஞ்சம் உதவும். தேர்தல் விளம்பரப் பலகைகளுக்கு வாங்கும் சன்பேக் ஷீட்டும் இதே மாதிரி நடுவில் காற்று விட்ட பொருள்தான். பிளாஸ்டிக் என்பதால் ஈரம் குடிக்காது. தேர்தல் முடிந்ததும் குப்பைக்குப் போகும் பலகைகளைப் பிள்ளைகளுக்குத் திருப்பிவிட யாராவது முன்வந்தால் நன்றாக இருக்கும்.

இரைச்சலையும் நெரிசலையும் எந்த மேசையும் தீர்க்காது. அதற்கு வீடுதான் வேண்டும், அல்லது பக்கத்தில் இரவு வரை திறந்திருக்கும் படிப்பகம். அதுவரை அட்டை மேசை கொடுக்க நினைப்பவர்களிடம் நான் கேட்பது, கொடுக்கும் நாளை மாற்றுங்கள் என்றுதான். மகாராஷ்டிரத்தில் பள்ளி ஜூனில் திறக்கிறது, மழையும் ஜூனில்தான் வருகிறது. பள்ளி திறந்த அன்று படம் எடுத்துக் கொடுக்கும் மேசை ஆகஸ்டுக்குள் தளர்ந்துவிடும். ஜூனில் சன்பேக் மேசை, மழை ஓய்ந்த அக்டோபரில் அட்டை மேசை என்று பிரித்துக் கொடுத்தால் ஆண்டுத் தேர்வு வரை அது விறைப்பாக நிற்கும்.