கூலிக்குக் கழுவும் பிரஷர் வாஷர்: வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சென்னையிலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் வேலப்பன்சாவடியை அடுத்துள்ள நூம்பலும், அதைச் சுற்றிய கிராமங்களும் ஒரு காலத்தில் வயற்காடாயிருந்தவை. இன்று அவற்றிற் பெரும்பகுதி வீட்டு மனைகளாகிவிட்டது. நிலம் சுருங்கிப்போன குடியானவரிடம் டிராக்டரும், ஆழ்கிணறும், பருவங்களுக்கிடையே வேலையற்ற நாட்களும் மிஞ்சி நிற்கின்றன. சுற்றிலுமோ கலியாண மண்டபங்களும், பள்ளிக்கூடங்களும், அடுக்குமாடி வீடுகளும், சாலையோரத்து லாரிகளும் பெருகியுள்ளன. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சிமெண்டு முற்றங்களில் பாசி படிகிறது. போகிக்கு முன் வீடுகளைக் கழுவச் சொல்வோர் உண்டு. சேற்றுழவு முடிந்த டிராக்டர்களும் கழுவப்பட வேண்டும். ஆகையால், மாதத்தில் நான்கைந்து நாள் மாத்திரம் கூலிக்குக் கழுவிக் கொடுக்கும் எண்ணத்துடன் பிரஷர் வாஷர் என்னும் அழுத்த நீர் யந்திரத்தை விலைக்கு வாங்க முற்படுவோர் கவனிக்க வேண்டியவை இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

இவ்யந்திரம் புதிதன்று. ஜெர்மனி தேசத்தில் கார்ஷர் கம்பெனியார் 1950-ஆம் வருஷத்திலேயே வெந்நீரை அழுத்தத்துடன் பீச்சும் யந்திரமொன்றைச் செய்து விற்றனர். நம் நாட்டில் இப்பொழுது பல கம்பெனிகளின் சரக்குகள் கடைகளில் கிடைக்கின்றன. சரக்கு மிகுந்திருப்பதே வாங்குவோருக்குத் தொந்தரவு. ஏனெனில், பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டிருப்பது அழுத்தத்தின் அளவு ஒன்றே. 150 பார், 200 பார் என்று கண்டவுடன், எண் பெரிதாயிருப்பதே நல்ல யந்திரம் என்று எண்ணி ஏமாறுவோர் அநேகர்.

உண்மையில் கழுவும் வேலையைச் செய்வது அழுத்தமும், நிமிஷத்திற்கு இத்தனை லிட்டர் என்னும் நீரோட்டமும் சேர்ந்தே. அழுக்கைப் பெயர்ப்பது அழுத்தம். பெயர்ந்ததை அடித்துக்கொண்டு போவது தண்ணீர். நீரோட்டம் குறைந்த யந்திரத்தால் ஒரு மோட்டார் சைக்கிளைக் கழுவலாம். மண்டபத்து முற்றத்தைக் கழுவப் புகுந்தால், சேறு ஓரிடத்தினின்று அடுத்த இடத்துக்கு நகருமேயன்றி வெளியே போகாது. பொழுதும் கூலியும் வீணாகும்.

விளம்பரம் மெய்யா பொய்யா என்று அறிய எளிய கணக்கொன்று உண்டு. பாரில் உள்ள அழுத்தத்தை நிமிஷத்திற்குரிய லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீரில் ஏறும் சக்தி கிலோவாட்டில் வரும். மோட்டாரிலும் பம்பிலும் ஐந்தில் ஒரு பங்கு சேதமாகுமென்று கொண்டால், வந்த தொகையை 0.8-ஆல் வகுக்க வேண்டும். உதாரணமாக, 120 பாரில் நிமிஷத்திற்கு 9 லிட்டர் என்றால் 1.8 கிலோவாட்டும், சேதத்தைச் சேர்த்து 2.25 கிலோவாட்டும் ஆகும். அதாவது 3 குதிரை சக்தி. 200 பார், 10 லிட்டர் என்று அச்சிட்ட யந்திரத்திற்கோ 4 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்கக்கூடியது 3.68 கிலோவாட்டே. எனவே அப்படிப்பட்ட எண்களைத் தாங்கிச் சாதாரணப் பிளக்குடன் வரும் யந்திரத்தில், ஒன்று அழுத்தம் ஒரு கணம் எட்டும் உச்ச அளவாயிருக்கும், அல்லது நீரோட்டம் அழுத்தமில்லாதபோது ஓடும் அளவாயிருக்கும். இரண்டும் ஒருங்கே கிடைக்க வழியில்லை. கடைக்காரரிடம், வேலை செய்யும்போது நிற்கும் அழுத்தம் எவ்வளவு, அவ்வழுத்தத்தில் வரும் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குவது உத்தமம்.

அடுத்தபடி மோட்டாரின் வகை. விலை குறைந்தவற்றில் கார்பன் பிரஷ் உள்ள சிறு மோட்டார் இருக்கும். அது மிகுந்த வேகத்தில் சுழன்று பெருஞ்சத்தம் போடும். வீட்டுக் காரை வாரம் ஒருமுறை கழுவுவதற்கு அது போதும். கூலி வேலைக்கு, அது எப்பொழுதாவது செய்யும் வேலையாயினும், நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் இடைவிட்டு ஓட வேண்டியிருப்பதால் அது தாங்காது. இண்டக்ஷன் மோட்டாரே வேண்டும். அதிலும் நிமிஷத்திற்கு 2,800 சுற்று சுற்றுவதைவிட 1,440 சுற்று சுற்றும் நாலு போல் மோட்டார் கனமும் விலையும் அதிகமாயினும் பம்பை நெடுநாள் காக்கும். பம்பின் தலை அலுமினியமாயிராமல் பித்தளையாயும், உள்ளே எண்ணெயில் ஓடும் கிராங்கால் தள்ளப்படும் மூன்று பிளஞ்சர்களையுடையதாயும் இருப்பது நல்லது. ஒயாசரும் சீலும் உள்ளூரில் கிடைக்குமா என்பதை வாங்குமுன்பே விசாரிக்க வேண்டும்.

மேற்கண்டபடி 3 குதிரை சக்தி, ஒற்றை பேஸ், 120 பார், 9 லிட்டர் என்னும் யந்திரமே இப்பகுதியில் இடையிடையே செய்யும் கூலிக் கழுவலுக்கு ஏற்றது. இதற்கு மேற்பட்டவற்றிற்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். கழுவச் சொல்லும் வீட்டில் அது இருக்குமென்று நம்பமுடியாது. பெட்ரோல் யந்திரம் மின்சாரமில்லாத இடத்திற்கு உதவும். ஆனால் மூடிய கொட்டகைக்குள் அதை ஓட்டினால் புகையிலுள்ள விஷ வாயு உயிரைப் போக்கும். வெந்நீர் யந்திரம் கிரீசும் எண்ணெயும் படிந்த பட்டறைகளுக்கே அவசியம். விலை பன்மடங்காதலால் மாதம் நான்கு நாள் வேலைக்குக் கட்டாது.

இதற்கிடையே குடியானவர்கள் மறந்துவிடும் ஒரு விஷயம் உண்டு. பலரிடம் மருந்தடிக்கும் மூன்று பிஸ்டன் பெல்ட் பவர் ஸ்பிரேயர் ஏற்கெனவே இருக்கிறது. அதன் அழுத்தம் 20 முதல் 40 பார் வரையில் இருப்பினும் நீரோட்டம் மிகுதி. ஊர்களில் வாட்டர் சர்வீஸ் என்று பலகை மாட்டியிருக்கும் கடைகள் பலவற்றில் இப்படிப்பட்ட பம்பே ஓடுகிறது. டிராக்டர், ரோட்டவேட்டர், லாரி ஆகியவற்றின் சேற்றைக் கழுவ இதுவே போதும். ஆனால் பூச்சிமருந்து ஓடிய குழாயையும் தொட்டியையும் மாட்டுக் கொட்டகைக்கோ, பால் பாத்திரங்களுக்கோ, வீட்டு முற்றத்திற்கோ ஒருபோதும் உபயோகிக்கலாகாது. பாசியும் கறையும் பிடித்த சிமெண்டுத் தரைதான் வருமானத்திற்கு முக்கியம் என்றால் மாத்திரமே புதிய யந்திரத்தில் பணம் போட வேண்டும். ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து ஓட்டி, 100 சதுர அடிக்கு எத்தனை நிமிஷம் ஆகிறதென்று குறித்துக்கொண்ட பிறகு வாங்குபவர் நஷ்டப்படமாட்டார்.

தண்ணீரைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நிமிஷத்திற்கு 9 லிட்டர் என்றால் மணிக்கு 540 லிட்டர். குழாய் அதைத் தருமா என்று பார்க்க 15 லிட்டர் வாளியொன்று போதும். 80 விநாடிக்குள் வாளி நிரம்பினால் யந்திரத்திற்குக் கவலையில்லை. அதற்கு மேற்பட்டால் பம்பு காற்றை இழுத்து, சீல்கள் காய்ந்து கெடும். அப்போது தொட்டியில் தண்ணீர் பிடித்து வைத்து, உயரத்தினின்று இறக்கிக் கொடுப்பதே நலம். 500 லிட்டர் தொட்டி ஏறக்குறைய 55 நிமிஷத்திற்கு வரும். ஆழ்கிணற்று நீரில் மணலும் உப்பும் இருப்பின், நுழைவாயிலில் சல்லடை வைக்காமல் ஒரு நாளும் ஓட்டலாகாது.

தண்ணீர் யாருடையது என்பதும் சிறு கேள்வியன்று. 2019-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, சென்னை முழுவதும் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதை இப்பகுதியார் மறந்திருக்க முடியாது. 1987-ஆம் வருஷத்துச் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர்ச் சட்டம் நகரையும் அதைச் சுற்றியுள்ள பல கிராமங்களையும் உட்படுத்தி, வீட்டு உபயோகமல்லாத காரியங்களுக்கு நீர் எடுப்பதற்கும், வண்டியிற் கொண்டுபோவதற்கும் உரிமம் வேண்டுமென்கிறது. தம் கிணற்று நீரைக் கழுவும் தொழிலுக்குக் கொண்டுபோக நினைப்பவர் முதலில் அதிகாரிகளிடம் விசாரித்தறிவது அவசியம். கழுவச் சொல்பவரே தம் தண்ணீரைக் கொடுப்பது என்ற ஏற்பாடே தொல்லையற்றது.

மின்சாரத்தில் இதைவிடப் பெரிய அபாயம் இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாயப் பம்பு செட்டுக்கு மின்சாரம் கட்டணமின்றிக் கொடுக்கப்படுகிறது. கிணற்றடியில் யந்திரத்தை வைத்து, வரும் லாரிகளைக் கூலிக்குக் கழுவலாமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால், ஒரு காரியத்திற்கென்று கொடுத்த மின்சாரத்தை வேறு காரியத்திற்கு உபயோகிப்பது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி அனுமதியற்ற உபயோகமாகும். அதற்குரிய கட்டணத்தைப்போல் இருமடங்கு விதிக்கப்படும். எந்நாள் முதல் நடந்ததென்று நிச்சயிக்க முடியாவிட்டால், சோதனைக்கு முந்திய 12 மாதத்திற்கும் கணக்கிடுவார்கள். நாலு லாரி கழுவிய கூலிக்காக ஒரு வருஷத்துப் பாக்கியைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். கிராம அதிகாரிகள் இதைக் குடியானவர்களுக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்வார்களாயின் பின்னால் எழும் வழக்குகள் குறையும்.

வோல்ட்டேஜ் குறைவாயுள்ள தெருக்களில் மோட்டார் உறுமிக்கொண்டே நின்றுவிடுவதுண்டு. 230 வோல்ட் 180-ஆக இறங்கினால் சுழற்றும் வலிமை நூற்றுக்கு அறுபது பங்காகிவிடும். துப்பாக்கியின் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டால் பம்பில் எதிரழுத்தமின்றி மோட்டார் எளிதில் கிளம்பும். நீள ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் குறையாமலும், 20 மீட்டருக்கு மேற்படாமலும் இருக்கட்டும். எர்த்தும், 30 மில்லி ஆம்பியரில் அறுத்துவிடும் பாதுகாப்பு சுவிட்சும் இல்லாத இடத்தில், ஈரத் தரையில் நின்று வேலை செய்ய ஆளை அனுப்புவது பாவம்.

கூலிக் கழுவலில் நஷ்டம் வருவது பெரும்பாலும் யந்திரத்தாலல்ல, கழுவத் தகாததைக் கழுவுவதால். பழைய மாடிகளில் பதித்த தட்டோடுகளின் இடுக்கிலுள்ள சுண்ணாம்பைக் கூரிய நீர்த்தாரை தோண்டிவிடும். தரை பளபளக்கும், அடுத்த மழைக்கு வீட்டினுள் ஒழுகும். சுண்ணாம்புக் காரைச் சுவர், நாட்டு ஓடு, மங்களூர் ஓடு ஆகியவற்றிற்கும் இதே கதி. கோயில் திருப்பணிக்குக் கூப்பிட்டால் மரியாதையாக மறுத்துவிடுவதே நலம். மணல் வீச்சினால் கல்வெட்டு எழுத்துக்கள் தேய்ந்தபின் அம்முறை தமிழ்நாட்டுக் கோயில்களில் தடை செய்யப்பட்டதை நினைவிற் கொள்ளலாம். டிராக்டரின் ரேடியேட்டர் தகடுகள், பேரிங் சீல்கள், மின்சார ஒயர்கள், டயரின் பக்கச் சுவர் ஆகியவற்றின்மேல் கிட்ட வைத்துப் பீச்சலாகாது.

நாசில்களில் சிவப்பு நிறமுள்ளது ஊசிபோல் ஒரே தாரையாய் அடிப்பது. அதைப் பெட்டியிலேயே வைத்துவிடலாம். பச்சை 25 பாகையும், வெள்ளை 40 பாகையும் விசிறிபோல் விரியும். வேலையில் பெரும்பகுதி இவ்விரண்டாலேயே ஆகும். பாசிக்கு முதலில் பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளித்து, சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் பாதி அழுத்தமே போதும். அக்கரைசலுடன் ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்; இரண்டையும் ஒரே வண்டியிற்கூடக் கொண்டுபோக வேண்டாம். லாரி கழுவிய எண்ணெய்த் தண்ணீரைக் கூவத்திற்கோ ஏரி வாய்க்காலுக்கோ விடாமல், குழியில் தேக்கி, மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துவிட வேண்டும். அடைபட்ட கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யச் சொல்வோரும் உண்டு. இது அதற்குரிய யந்திரமன்று. தக்க பாதுகாப்பின்றித் தொட்டிக்குள் ஆளை இறக்குவது 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றமுமாகும்.

நீர்த்தாரை தோலில் பட்டு ஊசி குத்தினாற்போல் சிறு துளை விழுந்தால், இரத்தம் வரவில்லையென்று அலட்சியம் செய்யலாகாது. உள்ளே அழுக்கு நீர் வெகுதூரம் புகுந்திருக்கும். விரலையே இழக்க நேரிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அழுத்த நீர் பாய்ந்த காயம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரப்பர் பூட்சும் கண்ணாடியும் இன்றி வேலை தொடங்க வேண்டாம்.

வேலை ஓய்ந்த மாதங்களில் யந்திரத்தை அப்படியே மூலையில் போட்டுவிட்டால் சீல்கள் ஒட்டிக்கொள்ளும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஓட்டி, பிறகு குழாயிலும் பம்பிலும் நிற்கும் நீரை வடித்துவிட வேண்டும். புதிய பம்பின் எண்ணெயை முதல் 50 மணி நேர ஓட்டத்திற்குப் பின் மாற்றுவது வழக்கம். அழுத்தக் குழாயைச் சுருட்டி நெல் மூட்டைகளின் பக்கம் வைக்காமல் சுவரில் உயரத் தொங்கவிடுவது நல்லது. எலி கடித்த குழாய் பார்வைக்குத் தெரியாது, அழுத்தம் ஏறியபின் வெடிக்கும்.