வள்ளி திருமணம் நாடகம் புரியலையா? அதன் தமிழ் வேலை செய்வது இப்படித்தான்!

கணபதி, சரவணம்பட்டி பக்கம் வளர்ந்தவர்களுக்கு வள்ளி கும்மி புதுசு இல்லை. கோயில் நோம்பியில் ஒரே நிறச் சேலை கட்டிய பெண்கள் ஆட, ஆசிரியர் வள்ளி - முருகன் கதையைப் பாடிக்கொண்டே போவார். இந்தக் கலையைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்த கோவை மாவட்டக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கும்மி புரிகிறது. ஆனால் அதே கதையின் நாடகத்தை யூடியூபில் போட்டால், பத்து நிமிஷத்தில் பலர் மூடிவிடுகிறார்கள். "தமிழ்தான், ஆனா ஒண்ணும் புரியலீங்க!"

ஏன் இப்படி?

யார் எழுதிய நாடகம்?

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் எல்லாம் இவருடையவைதான். 1918-ல் மதுரையில் இவர் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவில் பயின்றவர்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள்.

1891-ல் வெளியான மனோன்மணீயம் படிப்பதற்காக எழுதப்பட்ட செய்யுள் நாடகம். சுவாமிகளின் நாடகங்கள் அப்படி இல்லை. மைக் இல்லாத காலத்தில், திறந்தவெளியில், விடிய விடிய உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் காதுக்காக எழுதப்பட்டவை.

மூன்று அடுக்குத் தமிழ்

முதல் அடுக்கு, பாட்டு. தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் விருத்தம், தாளத்தோடு வரும் கீர்த்தனை என்று பல வகை. இங்கேதான் கடினமான சொற்கள் வரும். பாத்திரத்தின் மனநிலையைச் சொல்வது இதன் வேலை.

இரண்டாவது, வசனம். பாட்டில் சொன்னதையே பேச்சாக விரித்து, எதிரே நிற்பவரிடம் கேள்வியாக வீசுவது.

மூன்றாவது, பபூன். இவர் பேசுவது தெருத் தமிழ். பெரிய விஷயத்தைக் கிண்டலாக உடைத்துச் சொல்லிவிடுவார். எழுத்துத் தெரியாதவர்களும் கதையைத் தவறவிடாததற்கு இந்த அடுக்கும் ஒரு காரணம்.

அதனால் பாட்டில் ஒரு சொல் புரியாவிட்டால் கவலை வேண்டாம். அடுத்து வரும் வசனத்தில் பெரும்பாலும் அதன் பொருள் கிடைத்துவிடும்.

கும்மிக்கும் நாடகத்துக்கும் என்ன வித்தியாசம்?

கும்மியில் ஒரு குரல் கதையைச் சொல்கிறது. நாடகத்தில் இரண்டு குரல்கள் மோதுகின்றன. தினைப்புனத்துக்கு வேடனாக வரும் முருகன், காணாமல் போன மானைத் தேடுவதாகச் சொல்கிறான். அவன் வர்ணிப்பதோ எதிரே நிற்கும் வள்ளியை! அவளுக்கும் அது புரிகிறது. புரியாதது போலவே மடக்கிப் பதில் சொல்கிறாள். இதைத்தான் 'தர்க்கம்' என்கிறார்கள்.

நாடகம் எழுதும் சூட்சுமம் இதில் இருக்கிறது. 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று நேரடியாகச் சொன்னால் காட்சி அங்கேயே முடிந்துவிடும். மானைப் பற்றிப் பேசினால் அரை மணி நேரம் ஓடும்.

புத்தகத்தில் இல்லாத பாதி

இன்று தென் மாவட்டத் திருவிழாக்களில் நடக்கும் 'ஸ்பெஷல் நாடக'த்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தம் ஆகிறார்கள். ஊர் வேறு, ஒத்திகை கிடையாது. பல நேரம் மேடையில்தான் சந்திப்பே. பாட்டும் கதையும் எல்லோருக்கும் தெரியும் என்பதால் நாடகம் நடக்கிறது. நடுவில் வரும் தர்க்கத்தில் பெரும்பகுதி அந்த நேரத்தில் வாயில் வருவதுதான்.

சிக்கலும் இங்கேதான். பாட்டு அச்சில் இருக்கிறது. தர்க்கம் பெரும்பாலும் நடிகர்களின் நினைவில்தான் இருக்கிறது. ஒரு மூத்த கலைஞர் மேடையை விட்டு இறங்கினால், அவர் சேர்த்துவைத்த கேள்வி பதிலும் கூடவே போய்விடும். பார்வையாளர் ஒருவர் போனில் எடுக்கும் முழு இரவு வீடியோவுக்கு மதிப்பு இருப்பது அதனால்தான்.

எப்படிப் பார்ப்பது?

முதலில் முழு நாடகம் வேண்டாம். வேடன் - வள்ளி தர்க்கத்தை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பேச்சிலும் 'இவருக்கு எதிராளியிடம் என்ன வேணும்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டு வரிகள் கையில் இருந்தால், சொற்களைப் பிரித்து ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் பிடிபடாத வரி காதுக்குப் பிடிபடும்.

கும்மி கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கதை ஏற்கெனவே தெரியும். பாதி வேலை முடிஞ்சாச்சுங்க!