ஈரம் வேறு, நனைதல் வேறு

சங்கக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் பேரவைக் கூட்டத்தில் எழுந்து நின்று கேள்வி கேட்கிறோம். அது நம் உரிமை; கடமையுங்கூட. ஆனால் நம் வீட்டு அடுக்களையில் வாரந்தோறும் வாடியும் அழுகியும் போகும் காய்கறிக்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை. ஈட்டியதைக் காப்பதும் ஈட்டுவதற்குச் சமம் என்பது கூட்டுறவின் முதற்பாடம். அந்தப் பாடத்தை இம்மாதம் அடுக்களைக்குள் கொண்டு செல்ல விரும்புகிறோம்.

அமராவதியின் பழைய ராஜவாய்க்கால் பாசனத்தில் அமைந்த கொமரலிங்கத்தில் நெல்லும் கரும்பும் தென்னையும் செழிக்கின்றன. உடுமலை வட்டாரத்துக் கிணற்றுப் பாசன நிலங்களோ தக்காளிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் பெயர் பெற்றவை. வரத்து மிகும் நாள்களில் உடுமலைச் சந்தையில் 14 கிலோ தக்காளிப் பெட்டியின் விலை பறிக்கும் கூலிக்கும் கட்டாமற் போவதை விவசாய உறுப்பினர்கள் நன்கறிவர். அதே தக்காளியை விலை ஏறிய மாதத்தில் வாங்கிச் செல்லும் நெசவாளர் வீட்டில், நான்காம் நாள் பாதி குப்பைக்குப் போகிறது. விளைவித்தவர் உழைப்பும் நெய்தவர் கூலியும் ஒரே குப்பையில் சேர்வதைக் காட்டிலும் பெரிய நட்டம் எது?

பறித்த பின்னும் காய்கறிக்கு உயிர் உண்டு. அது மூச்சு விடுகிறது. உள்ளிருக்கும் நீரை மெல்ல மெல்ல இழக்கிறது. வெப்பம் ஏற ஏற மூச்சும் விரையும், ஆயுளும் குறையும். ஆகவே அதற்குத் தேவை குளுமையும் ஈரக்காற்றும். ஆனால் மேற்புறம் நனைந்திருந்தாலோ பூஞ்சையும் அழுகலும் குடியேறிவிடும். இந்த நுட்பம் நெசவாளருக்குப் புதிதன்று. தரையைத் தோண்டிக் குழித்தறி அமைப்பதன் பயன்களுள் ஒன்று, மண்ணின் ஈரக்காற்று பாவு நூலை அறாமற் காப்பது. அதற்காக ஓடும் பாவின்மேல் குடத்து நீரைக் கவிழ்ப்பார் எவருமில்லை. ஈரம் வேறு, நனைதல் வேறு. காய்கறிக்கும் இதுவே விதி.

இவ்விதிக்கு விலக்காவது வெங்காயம். அதற்கு ஈரக்காற்றும் ஆகாது. விவசாயிகள் சின்ன வெங்காயத்தைத் தாளோடு உலர்த்தி, காற்றோட்டமான பட்டறையில் இட்டு மாதக்கணக்கில் காக்கின்றனர். அப்படிக் காத்த வெங்காயத்தை நாம் நெகிழிப்பையில் கட்டி, அடுப்படி மூலையில் வைத்துப் புழுங்கவிடுகிறோம். மூங்கிற்கூடையில் பரப்பியோ தாளோடு முடிந்து தொங்கவிட்டோ வைப்பதே முறை. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் வைத்தல் கூடாது. உருளைக்கிழங்குக்கு இருட்டும் வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சை நிறம் ஏறிய கிழங்கில் நச்சுப் பொருள் மிகுவதால் அதை உண்ணலாகாது.

சந்தைக் கூடை வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, தரம் பிரித்தல். நசுங்கியதையும் கீறல்பட்டதையும் அன்றே சமைத்துவிட வேண்டும். ஓர் அழுகல் கூடை முழுவதையும் கெடுக்கும். கழுவி அடுக்குதல் தவறு. சமைக்கும் பொழுதுதான் ஓடும் நீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கீரையின் அழுகிய இலைகளைக் களைந்து, பிழிந்தெடுத்த ஈரத்துணியில் தளரச் சுற்றி வைக்கலாம். பழுத்த தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரையினின்று விலக்கி வைக்க வேண்டும். அவை வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். வாழைத்தாரைப் புகை மூட்டிப் பழுக்க வைப்பதும் புகையிலுள்ள இதே வாயுவின் துணையால்தான்.

இனிக் குளுமைக்கு வழி காண்போம். மண்பானைத் தண்ணீர் குளிர்வது ஏன்? கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால். பெரிய பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஆற்று மணல் இட்டு, மணலை மட்டும் காலையும் மாலையும் நனைத்து, ஈரச்சாக்கால் மூடினால் சிறு குளிரறை ஆயத்தம். நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1995இல் இம்முறையை ஏழை உழவரிடையே பரப்பத் தொடங்கினார்.

பெரிய அளவில் செய்யவும் வழி உண்டு. புதுதில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் செங்கல்லாலான குளிரறை ஒன்றை வகுத்தனர். இரட்டைச் சுவர், நடுவே 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் மணல். மேலே தென்னை ஓலையோ சாக்கோ. ஏறத்தாழ 100 கிலோ கொள்ளும், மின்சாரம் வேண்டாம். கடுங்கோடையில் வெளிவெப்பத்தினும் 10 முதல் 15 டிகிரி வரை உள்ளே குறைந்திருக்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நம் பகுதியிலும் இது நன்கு பயன்தரும். ஐப்பசி மழைக்காலத்தில் பயன் குறையும். காற்றோட்டமும் நிழலும் உள்ள இடமே இதற்கு ஏற்றது. நாலைந்து உறுப்பினர் கூடினால் ஒரு நாளில் கட்டிவிடலாம். விலை சரிந்த நாளில் காயைக் கிடைத்த விலைக்குத் தள்ளாமல், இரண்டொரு நாள் பொறுத்து விற்கும் வலிமையை அது விவசாயிக்குத் தரும்.

குளிர்பதனப் பெட்டி உள்ள வீடுகளிலும் கவனம் தேவை. வாழைப்பழம் அதிலே கறுக்கும். காய்வெட்டான தக்காளி சரிவரப் பழுக்காது, சுவையும் கெடும். இறைச்சியையும் மீனையும் மூடிய பாத்திரத்தில் அடித்தட்டில் வைக்க வேண்டும். மேல்தட்டில் வைத்தால் அவற்றின் நீர் பச்சையாக உண்ணும் பொருள்மேல் சொட்டி நோய் விளைவிக்கும். அவற்றை அரிந்த கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவாமல் வேறு காய் அரியலாகாது. காய்ச்சிய பாலை நெடுநேரம் வெதுவெதுப்பில் விடாமல் விரைந்து ஆறவைத்துக் குளிரில் வைக்க வேண்டும். பெட்டியின் உள்வெப்பம் 5 டிகிரிக்குள் இருத்தல் நன்று.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. இரண்டு பானை, ஒரு கூடை மணல், நாள்தோறும் ஐந்து நிமிடக் கவனம். அடுக்களைப் பொறுப்பு பெண்களுக்கு மட்டும் உரியதன்று. மணலுக்கு நீர் தெளிக்க வீட்டில் யாராலும் இயலும். வரும் வாரம் உங்கள் வீட்டில் எவ்வளவு காய்கறி வீணாகிறது என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். வார இறுதியில் அதன் விலையைக் கூட்டிப் பாருங்கள். நம் சிக்கன நாணயச் சங்கத்தில் எவ்வளவு சேமிக்க இயலும் என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.